ஃபினோலாவா, ஃப்யூச்சுரா 75-ஆ?

போதை தராத கஞ்சாப் பயிரான ஹெம்ப்பை ஐரோப்பாவில் வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாய மானியம் பெற, 2023 முதல் போதைப் பொருளான டிஎச்சி அளவு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஃபினோலா, ஃப்யூச்சுரா 75 இரண்டுமே அந்த வரம்புக்குள் வளர்க்கப்படும் ரகங்கள்தான், ஆனால் வயலில் பார்த்தால் ஒரே பயிர் என்று நம்புவது கடினம்.

விதைக்கான ரகமான ஃபினோலா பின்லாந்தில் உருவானது. கோடை குறுகிய நாடு, அதனால் அவசரக்காரச் செடி. விதைத்து ஒரு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கும், பகல் எவ்வளவு நீண்டாலும் காத்திருக்காது. ஆண், பெண் செடிகள் தனித்தனி. மகரந்தம் உதிர்த்ததும் ஆண் செடிகள் காய்ந்துபோகும். பெரும்பாலும் ஆளுயரத்தைத் தாண்டாததால், கோதுமை அறுக்கும் இயந்திரமே போதும். ஆனால் விதை ஈரமாகத்தான் வரும். அன்றே உலர்த்தத் தொடங்காவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். பறவைத் தொல்லையும் உண்டு.

பிரான்சின் ஃப்யூச்சுரா 75 தண்டுக்கான ரகம். ஒரே செடியில் இரு பூக்களும் இருக்கும். மூன்று மீட்டருக்கு மேலும் வளரும், தாமதமாகப் பூக்கும். நெருக்கி விதைத்தால் தண்டு மெலிந்து நார் நன்றாக வரும், களையும் அடங்கும். அறுத்த தண்டைப் பனியில் கிடத்திப் பதப்படுத்த வேண்டும். சாதாரண அறுவடை இயந்திரம் என்றால் நார் சுழலும் பாகங்களில் சுற்றிக்கொள்ளும்.

பக்கத்தில் நார் ஆலை இல்லையென்றால் நான் ஃபினோலாவையே சொல்வேன். பருமனான தண்டுக்கட்டுகளை வெகுதூரம் ஏற்றிப்போகும் வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.