பம்ப்பை மாற்றுவதற்கு முன்: உப்புக்காற்று ஊரில் ஒரு பழைய ஃபியட்

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள பழைய வண்டியில் பெட்ரோல் ஏறவில்லை என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது பம்ப் மேல்தான். மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், பம்ப்பைக் கடைசியாகப் பாருங்கள். நம் ஊரில் சீக்கு டேங்க்கில்தான் தொடங்குகிறது.

என்னிடம் இருப்பது 1974 மாடல் ஃபியட், 1089 சிசி. அப்பா காலத்து வண்டி. ஷெட்டில் வருஷக்கணக்கில் கிடந்ததை எழுப்பி, இப்போது சில வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். (50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ள 2021-இல் விதி வந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு மீன் வாங்கப் போகவே இந்த வண்டிதான், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.)

எழுப்பிய புதிதில் வந்த தொல்லை விசித்திரமானது. ஊருக்குள் ஜம்மென்று போகும். நெடுஞ்சாலையில் ஏறி நாலாவது கியரில் மிதித்தால் கொஞ்ச தூரத்தில் திணறி நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பார்த்தவர்கள் எல்லாம் வெயில், வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது), பம்ப் மேல் ஈரத்துணி போடு என்றார்கள். போட்டாலும் நின்றது. பாம்பனில் படகு இன்ஜின் பார்க்கிற அண்ணன் ஒருவர்தான் பானெட்டைத் திறக்காமலே சொன்னார்: "பம்ப்பு பாவம் தம்பி, அத விடுங்க. டேங்க்கை இறக்குங்க."

இறக்கினோம். டேங்க்குக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சின்னச் சல்லடை இருக்கிறது. வேகமாகப் போகும்போது உறிஞ்சும் இழுவையில் துருச்செதில்கள் வந்து அதில் அப்பிக்கொள்கின்றன. இன்ஜின் நின்றதும் இழுவை போய் உதிர்ந்துவிடுகின்றன. பத்து நிமிஷ மர்மம் அவ்வளவுதான். ஜல்லிச் சிப்ஸும் சோப்புத் தண்ணீரும் போட்டு ஆட்டியபோது செங்காவி நிறத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருநீக்கி, கழுவல், நல்ல வெயிலில் காயவைத்தல். ஓட்டை இருந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் பற்ற வையுங்கள். வெறும் டேங்க் என்று நினைத்து வெல்டிங் பக்கம் கொண்டுபோகவே கூடாது, உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

உள்ளே பூசும் கோட்டிங் எனக்கு ஒத்துவரவில்லை. நண்பர் வண்டியில் அது தோல் தோலாக உரிந்து, துரு போய் பிளாஸ்டிக் வந்த கதையாகிவிட்டது. பாதி டேங்க்கோடு வண்டியை நிறுத்தாமல் முழுக்க நிரப்பி வைப்பதே போதும். வாடைக்காற்று மாதங்களில் காலி இடத்தில் ஈரம் கோத்துக்கொள்கிறது.

அடுத்த இடம் பம்ப்புக்கு முன்னால் உள்ள ரப்பர் ஹோஸ். இதில் வெடிப்பு விட்டால் வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி. கண்ணாடி ஃபில்டரில் குமிழி ஓடினால் பம்ப்பை விட்டுவிட்டு ஹோஸையும் கிளிப்பையும் பாருங்கள். டேங்க் மூடியில் காற்றுத் துளை உள்ள வண்டிகளில் உப்பும் தூசியும் சேர்ந்து அதை அடைப்பதும் இங்கே சகஜம். வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுக்கும், அதுதான் அடையாளம்.

வாங்கியவற்றில் முழு மனதோடு சிபாரிசு செய்வது அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள ஃபில்டர். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கிண்ணத்தில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரிகிறது. பழைய ரப்பரையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கிறது. சாதா ஹோஸ் சீக்கிரமே பிசுபிசுத்தது, வைட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) ஹோஸ் விலை கூட என்றாலும் இன்னும் கெடாமல் இருக்கிறது.

எலெக்ட்ரிக் பம்ப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் கார் பம்ப்பை மாட்டினால் 40-க்கு மேல் தள்ளும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும், தீப்பிடிக்கும் ஆபத்து. எனக்குப் பழைய மெக்கானிக்கல் பம்ப்பே போதும், அதற்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வை மட்டும் மாற்றினேன். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும் என்பதால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை அடிக்கடி மோந்து பார்க்கிறேன்.

பாக்கி இருப்பது அடிப்பக்கம் ஓடும் இரும்பு டியூப், உப்பு பொரிந்து கிடக்கிறது. தாமிரம் போடச் சொல்கிறார்கள், அதிர்வில் இறுகி விரிசல் விடும் என்று எனக்குப் பயம். ஸ்டீல் டியூப்பை அளவெடுத்து வளைத்துத் தர ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ ஆள் இருந்தால் சொல்லுங்கள்.