கோஹாவா, இ-கிரந்தாலயாவா, காசு குடுத்து வாங்குறதா? பெரிய பொது நூலகத்துக்கு எது சரிப்படும்

ஒரு பெரிய நூலகத்தை நவீனப்படுத்தணும்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் முதல்ல போறது கட்டடத்துக்குத்தான். ஏசி, லிஃப்ட், கண்ணாடிச் சுவர், குழந்தைகளுக்குக் கலர் கலரா ஒரு ஹால். அதெல்லாம் வேணும், வேண்டாம்னு சொல்லல. ஆனா வாசகர் வந்து ஒரு புத்தகம் கேக்குறப்ப அது இருக்கா, எந்த மாடியில எந்த ரேக்லன்னு சொல்லத் தெரியலன்னா கட்டடம் எவ்வளவு பளபளன்னு இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால முதல்ல சாஃப்ட்வேர், அப்புறம் கட்டடம். புத்தகத்தைப் பதியுறது, தேடுறது, இரவல் குடுக்குறதுன்னு எல்லாத்தையும் பாத்துக்குற நூலக சாஃப்ட்வேருக்கு நம்ம முன்னாடி மூணு வழி: இ-கிரந்தாலயா, கோஹா, இல்லன்னா ஒரு கம்பெனிகிட்ட காசு குடுத்து வாங்குறது.

பேசுறதுக்கு வசதியா எழும்பூர் கன்னிமாரா மாதிரி ஒரு நூலகத்தை மனசுல வச்சுக்குவோம். 1896ல திறந்தது. 1954 சட்டப்படி இந்தியாவுல வெளிவர்ற புத்தகங்களுக்கு ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நாலு நூலகங்கள்ல அதுவும் ஒண்ணு. அப்படின்னா புத்தகம் வந்துக்கிட்டே இருக்கும், எல்லா மொழியிலயும் வரும், பழசாயிடுச்சுன்னு கழிச்சுக் கட்டவும் முடியாது. காலேஜ் லைப்ரரிக்கு ஓடுற கணக்கு இங்க ஓடாது.

இ-கிரந்தாலயா மத்திய அரசோட என்ஐசி, அதாவது தேசிய தகவலியல் மையம், பண்ணது. அரசு நூலகங்களுக்கு லைசென்ஸ் காசு கிடையாது. 4.0 வெர்ஷன்ல இருந்து பிரவுசர்லயே ஓடுது, என்ஐசி கிளவுட்லயே ஹோஸ்ட் பண்ணிக்கலாம். ஒரு மாவட்டத்துல இருக்குற கிளைகளை எல்லாம் ஒரே தொகுப்பா சேர்த்து, ஒருத்தர் ஏத்துன புத்தக விவரத்தை இன்னொருத்தர் எடுத்துக்குற வசதி உண்டு, இது நிஜமாவே பெரிய விஷயம், ஏன்னா ஒரே நாட்டுடைமை நூலை நூறு கிளையில நூறு பேர் தனித்தனியா டைப் பண்றதுதான் நம்ம ஊர்ல நேரத்தைத் தின்னுது. சர்வர் பாத்துக்க ஆள் இல்லாத மாவட்ட மைய நூலகம், கிளை நூலகத்துக்கெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் சொல்வேன். குறை என்னன்னா அது ஓப்பன் சோர்ஸ் இல்ல, அதாவது அதோட கோட் எல்லாருக்கும் திறந்து கிடைக்காது. தேடல் இப்படி வேலை செய்யணும், தமிழ் வரிசை இப்படி வரணும்னு உங்களுக்குத் தோணினா நீங்களா மாத்த முடியாது, கேட்டுட்டுக் காத்திருக்கணும்.

கோஹா நியூசிலாந்துல ஹொரோவெனுவான்னு ஒரு சின்ன நூலக டிரஸ்ட்டுக்காக எழுதுனது. அவங்க பழைய சாஃப்ட்வேர் 2000ம் ஆண்டைத் தாண்டாதுன்னு தெரிஞ்சு புதுசா எழுதவச்சு 2000 ஜனவரி 3ல ஓடவிட்டாங்க. ஜிபிஎல் லைசென்ஸ், யார் வேணா எடுக்கலாம், திருத்தலாம். வருஷத்துக்கு ரெண்டு பெரிய வெர்ஷன், மே மாசமும் நவம்பரும். பக்கத்துல கேரளாவுல நல்லாப் பரவியிருக்கு, அதனால தெரிஞ்ச ஆளுங்க கிடைப்பாங்க. இன்னொண்ணு, 2009 வாக்குல லிப்லைம்னு அப்ப இதுல பெரிய கையா இருந்த கம்பெனி தனி வழியில போயிடுச்சு, ஆனா கோட் எல்லாருக்கும் பொதுங்கிறதால மத்தவங்க வேற வெப்சைட் போட்டு வேலையைத் தொடர்ந்தாங்க, இன்னிக்கு வரைக்கும் நடக்குது. இதுக்காகவே எனக்கு கோஹா மேல நம்பிக்கை. ஆனா சும்மா கிடைக்குதுன்னு ஆள் செலவை மறந்துடக்கூடாது. லினக்ஸ் தெரிஞ்ச ரெண்டு பேராவது நிரந்தரமா வேணும். ஒப்பந்தத்துல ஒரு பையனைப் போட்டு அவர் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாம நிக்கிற கதையெல்லாம் நம்ம ஊர்ல சகஜம்.

மூணாவது, காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர். போன் பண்ணா ஆள் வருவாங்க, ட்ரெய்னிங் குடுப்பாங்க, அந்த நிம்மதி உண்மைதான். ஆனா இந்த மார்க்கெட் போற போக்கைப் பாருங்க, பொது நூலகங்கள்ல பேர் வாங்குன இன்னோவேட்டிவ்ங்கிற நூலக சாஃப்ட்வேர் கம்பெனியை 2020ல புரோகுவெஸ்ட் வாங்குச்சு, அந்த புரோகுவெஸ்டை 2021ல கிளாரிவேட் வாங்குச்சு. உங்க நூலகம் கையெழுத்துப் போட்டது ஒருத்தர்கிட்ட, ரென்யூவல் பில் அனுப்புறது இன்னொருத்தர். பட்ஜெட்டுக்கு வருஷா வருஷம் கோட்டையில அனுமதி வாங்கவேண்டிய நூலகத்துக்கு இது தாங்காது. அப்படியும் இதைத்தான் எடுக்கணும்னா ஒரு நிபந்தனை: முதல் மூணு மாசத்துக்குள்ள மொத்த டேட்டாவையும் மார்க் 21 ஃபைலா (எந்த நூலக சாஃப்ட்வேரும் படிக்கிற பொது வடிவம்) எடுத்து வேற ஒரு காலி கோஹாவுல ஏத்திக் காட்டணும்னு டெண்டர்லயே எழுதிடுங்க. ஒப்பந்தம் முடியுறப்ப கேட்டா கிடைக்காது.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியம். எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் தமிழ் டேட்டா சரியில்லன்னா எல்லாம் வீண். "கொங்கு"ன்னு ஒரு சொல்லை எடுத்துக்கோங்க. யூனிகோட்ல அந்த "கொ"வை ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒ-குறியை ஒரே எழுத்தா வைக்கலாம், இல்ல ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா வைக்கலாம். திரையில ரெண்டும் ஒண்ணுபோல தெரியும். தேடுனா ஒண்ணு வரும், இன்னொண்ணு வராது. "ஸ்ரீ"யும் அப்படித்தான், அதுக்கும் ரெண்டு வழி இருக்கு. பழைய ஃபாண்ட்ல அடிச்சதை கன்வெர்ட் பண்ணி ஏத்துன இடத்துல கால் எழுத்துக்குப் பதிலா "ர" போட்டு "காலம்" "கரலம்" ஆகியிருக்கும், அதை மெஷின் தானா கண்டுபிடிக்காது, ஆள் உக்காந்துதான் திருத்தணும். வரிசையும் ஒரு தலைவலி: யூனிகோட் எண் வரிசையில "ந"வுக்கு அடுத்து "ன" வரும், "ச"வுக்கு அடுத்து "ஜ" வரும், நம்ம நெடுங்கணக்குப்படி "ன" கடைசியிலதான் வரணும்.

இந்த இடத்துல கோஹா ஜெயிக்குது. அதுல தேடலுக்கு ஜீப்ரா, எலாஸ்டிக்சர்ச்னு ரெண்டு எஞ்சின்ல ஒண்ணை வச்சுக்கலாம். ஜீப்ரா வச்சா ஐசியூ (யூனிகோட் எழுத்துகளைச் சரியா கையாளுற ஒரு கருவித் தொகுப்பு) முறையைத் தேர்ந்தெடுக்கலாம், எலாஸ்டிக்சர்ச் வச்சா அதுக்கும் ஐசியூ ப்ளக்இன் இருக்கு, அதைச் சரியா செட் பண்ணிட்டா ரெண்டு "கொ"வும் ஒண்ணாயிடும். கையில கோட் இருக்குறதால இதை நாமளே பண்ணிக்கலாம், யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். ஆசிரியர் பேருக்கும் இதே கதைதான். "சாமிநாதையர், உ. வே.", "உ.வே.சா.", "சுவாமிநாத ஐயர்"னு மூணு விதமா ஏறியிருந்தா வாசகருக்குக் கிடைக்கிறது மூணுல ஒரு பங்கு. கோஹாவுல அத்தாரிட்டி ரெக்கார்ட், அதாவது ஒருத்தரோட எல்லாப் பேர் வடிவங்களையும் சேர்க்குற பதிவு, போட்டு மூணையும் ஒரே ஆள்கிட்ட கொண்டுவரலாம். அந்த வேலையைப் பண்ற கேட்டலாகருக்குச் சம்பளம் ஒதுக்கணும், அவ்வளவுதான். வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துன்னு 1931லயே இதே மெட்ராஸ்ல இருந்து எழுதுனவர் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், அவர் ஊர்ல இதுக்குக் காசு இல்லன்னு சொல்றது எனக்கு நிஜமாவே வலிக்குது.

புத்தகத்துல ஒட்டுறதுக்கு பார்கோடா, இல்ல ரேடியோ அலையில தூரத்துல இருந்தே வாசிக்கிற ஆர்எஃப்ஐடியான்னு கேட்டா, ரெண்டும். ஆர்எஃப்ஐடி டேக் ஒண்ணுக்குச் சில ரூபாய் ஆகும், பார்கோடு ஸ்டிக்கர் பைசா கணக்கு. வெளிய எடுத்துட்டுப் போற இரவல் புத்தகத்துக்கு டேக் ஒட்டுங்க, தானா பதிவு பண்ற மெஷின், வாசல் கேட் எல்லாத்துக்கும் உதவும். சட்டப்படி வந்து சேர்ந்து உள்ளயே இருக்குற தொகுப்புக்கு பார்கோடு போதும். மொத்தத்துக்கும் டேக்னு எவனாவது கொட்டேஷன் குடுத்தா அந்த வித்தியாசத்தைக் கேட்டலாகிங்குக்குத் திருப்பிவிடலாம். ஒரு விஷயம், இரும்பு ரேக்கோட பக்கவாட்டுத் தகடை ஒட்டி நிக்கிற புத்தகத்தோட டேக்கை கையில வச்சு வாசிக்கிற ரீடர் சில சமயம் விட்டுடும், வாங்குறதுக்கு முன்னாடி உங்க ரேக்லயே டெஸ்ட் பண்ணுங்க.

சர்வர் எங்க வைக்கிறதுங்கிறதுக்கு 2023 அக்டோபர் நல்ல பாடம். பிரிட்டிஷ் லைப்ரரி மேல சைபர் தாக்குதல் நடந்து 2024 ஜனவரி வரைக்கும் ஆன்லைன் கேட்டலாக் இல்ல. பழைய சிஸ்டங்களை அப்படியே வச்சிருந்ததாலதான் மீட்டெடுக்க இவ்வளவு நாளாச்சுன்னு அவங்களே அறிக்கையில ஒத்துக்கிட்டாங்க. அதே மாசம் கனடாவுல டொரோன்டோ பொது நூலகத்து மேலயும் தாக்குதல் நடந்துச்சு, அதுக்கு 100 கிளை, திரும்பி வந்த புத்தகத்தைப் பதிவு பண்ண வழியில்லாம லட்சக்கணக்குல ட்ரெய்லர்ல அடுக்கி வச்சாங்க. அதனால சொந்த சர்வரோ கிளவுடோ எதுவானாலும், நெட்வொர்க்ல ஒட்டாத ஒரு பேக்கப் தனியா இருக்கணும், அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏத்திப் பாக்கணும்.

இப்ப கட்டடம். 2010ல கோட்டூர்புரத்துல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி புதுசா கட்டுனா வயரிங், லிஃப்ட், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் வரைபடத்துலயே வந்துடும். கன்னிமாரா பழைய ஹால் அப்படி இல்ல, ஹென்றி இர்வின் வடிவமைச்சது, வண்ணக் கண்ணாடி, மர வேலைப்பாடுன்னு அதுவே ஒரு பொக்கிஷம், அதைத் துளைச்சு கேபிள் போடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. கம்ப்யூட்டர், ஸ்கேனர், சர்வர் எல்லாத்தையும் 1970கள்ல சேர்த்த புதுப் பகுதிக்குக் கொண்டுபோயிட்டு பழைய ஹாலை வாசிப்புக்கும் பார்வைக்கும் விட்டுடலாம். ஏசி போடுறதா இருந்தா ராத்திரியும் ஓடணும். பகல்ல குளிர்ந்து ராத்திரி நிறுத்துனா சென்னை ஈரப்பதம் ஏறி இறங்கி, ஏற்கெனவே மரக்கூழ் அமிலத்துல மொறுமொறுன்னு ஆயிட்ட பழைய தாள் இன்னும் சீக்கிரமா உடையும், அதுக்கு ஏசியே இல்லாம நல்ல காத்தோட்டம் வச்சுக்கிறது மேல். இடம் பத்தலன்னு நகர்ற காம்பாக்ட் ரேக் வாங்குறவங்க கவனிக்கணும், சாதாரண ரேக்கைவிட தரையில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை விழும். மாடியில போடுறதுக்கு முன்னாடி பொதுப்பணித்துறை எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து தளம் தாங்குமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, இல்லன்னா தரைத்தளத்துலயே போடுங்க.