தனி இன்டெக்ஸா, பொது இன்டெக்ஸா?

நிலாவெளி விடுதிகள், கிண்ணியா மீன் வியாபாரிகள், திருகோணமலை நகரக் கடைகள் என எல்லோரும் பயன்படுத்தும் ஒரு செயலிக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் தேடல் அமைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி இன்டெக்ஸ், அதாவது தேடுவதற்கான தனிப் பதிவுத் தொகுப்பு, வைப்பது ஒரு வழி. எல்லாவற்றையும் ஒரே இன்டெக்ஸில் இட்டு, வாடிக்கையாளர் எண்ணால் வடிகட்டுவது மற்றது.

தனி இன்டெக்ஸில் ஒருவரின் தரவு மற்றவருக்குக் கசியும் அபாயம் குறைவு. விலகுபவரின் தரவை ஒரே கட்டளையில் நீக்கிவிடலாம். ஆயினும் 7ஆம் பதிப்பு முதல் ஓர் இன்டெக்ஸுக்கு இயல்பாக ஒரு முதன்மை ஷார்டும் (இன்டெக்ஸின் தரவைத் தாங்கும் துண்டு) அதன் ஒரு நகலும் அமைவதால், 500 வாடிக்கையாளர்களுக்கே 1,000 ஷார்டுகள் தேவைப்படும். தரவைத் தாங்கும் ஒரு நோடுக்கான (சேவையகத்துக்கான) இயல்பு வரம்பும் அதுவே. சிறு பெட்டிக்கடைக்கு ஷார்ட் ஒதுக்குவது வீண்செலவு.

பொது இன்டெக்ஸ் சிக்கனமானது. ஆனால் வடிகட்டி விடுபட்ட ஒரே வினவல் போதும், அடுத்த கடையின் விலைப்பட்டியல் வெளியே வந்துவிடும். ஆகவே வடிகட்டியை நிரலாளரின் ஞாபகத்துக்கு விடாமல், வடிகட்டி இணைந்த அலையஸ் (இன்டெக்ஸுக்கு இடும் மாற்றுப்பெயர்) வழியாகவே தேட வைக்க வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று, தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் பொருத்த மதிப்பெண். அரிய சொல்லுக்கு அதில் எடை அதிகம். ஒரு சொல்லின் அருமை ஷார்டிலுள்ள எல்லோருடைய பதிவுகளையும் வைத்தே கணிக்கப்படுகிறது. வடிகட்டி அதை மாற்றாது. மீன் வியாபாரியின் பதிவுகளில் எங்கும் நிறைந்த ‘சூரை’, விடுதிப் பதிவுகளோடு கலந்ததும் அரிய சொல்லாகி, ‘சூரை கருவாடு’ என்ற தேடலில் ‘கருவாடு’க்கு உரிய முன்னுரிமையைக் குறைத்துவிடும்.

என் தெரிவு பொது இன்டெக்ஸே. பதிவுகள் பெருகிய ஓரிருவரை மட்டும் தனி இன்டெக்ஸுக்கு மாற்றி, அதே அலையஸை அங்கே திருப்பிவிட்டால் செயலியின் நிரலைத் தொட வேண்டியதில்லை.