ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட்: அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கும் கணக்கு எப்படி?

அரசுக் கடன்பத்திரத்தை இடைத்தரகர் இல்லாமல், கமிஷன் இல்லாமல் வாங்கி முதிர்வு வரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கு நல்ல தேர்வு. பாதியில் பணம் தேவைப்படலாம், விற்று வெளியே வர வேண்டியிருக்கும் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய சேவை இது. 2024 மே மாதம் மொபைல் ஆப்பும் வந்துவிட்டது. வலுவும் பலவீனமும் அன்றிருந்த இடத்திலேயேதான் இன்றும் இருக்கின்றன.

முதலில், இங்கே விற்கப்படும் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டின்படி மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களின் பங்கு போக மத்திய அரசின் கையில் நிற்கும் வரி 28.37 லட்சம் கோடி. வரியல்லாத வருவாயையும் மற்ற சில்லறை வரவுகளையும் சேர்த்த பிறகும் 15.69 லட்சம் கோடி துண்டு விழுகிறது. அதுதான் நிதிப்பற்றாக்குறை, ஜிடிபியில் 4.4 சதவீதம். அதை அடைக்க அரசு சந்தையில் நீண்டகாலப் பத்திரம் விற்கிறது. அந்த ஆண்டுக்கான மொத்த இலக்கு 14.82 லட்சம் கோடி. முதிர்ந்த பழைய கடனைத் திருப்பிக் கொடுத்தது போக நிகரமாக நிற்பது 11.54 லட்சம் கோடி. ரீடெய்ல் டைரக்டில் நீங்கள் வாங்கும் பத்தாயிரம் ரூபாய்ப் பத்திரமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வரியில் வராததைக் கடனில் எடுப்பதில் தவறில்லை, துறைமுகமோ ரயில் பாதையோ கட்டினால். ஆனால் அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 5.24 லட்சம் கோடி. அதாவது வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே போகிறது. வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, மத்திய அரசின் நிகர வரி வருவாயில் 45 சதவீதம். பத்திரம் வாங்குபவருக்கு இதனால் பணம் திரும்ப வராது என்ற பயம் தேவையில்லை. ரூபாயில் வாங்கிய கடனை ரூபாயில் கொடுக்க இந்திய அரசுக்கு வழி இருக்கிறது. பயப்பட வேண்டியது பத்திரத்தின் விலையைப் பற்றி. அது கீழே வருகிறது.

கணக்கு திறப்பது. பேன் கார்டு, சேமிப்புக் கணக்கு, முகவரிச் சான்று, மொபைல் எண், மின்னஞ்சல் இருந்தால் போதும். தனியாகவோ இன்னொருவரோடு கூட்டாகவோ திறக்கலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களும் திறக்கலாம். திறக்கவும் பராமரிக்கவும் ஏலத்தில் கேட்கவும் கட்டணம் கிடையாது. பேமென்ட் கேட்வே ஏதாவது பிடித்தால் அது மட்டும் உங்கள் செலவு.

தமிழ்நாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். வங்கிக் கணக்கில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் எஸ்’, பேன் கார்டில் அப்பா பெயரை விரித்து ‘முருகன் சுப்பிரமணியன்’ என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கணினி அதை ஏற்காமல் போகலாம். விண்ணப்பத்தில் இறங்கும் முன் வங்கிக் கிளையில் பெயரைப் பேன் கார்டில் உள்ளபடி மாற்றிக்கொள்வது நல்லது. ஆதாரோடு இணைந்த மொபைல் எண் பயன்பாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி பழைய எண்ணுக்குப் போனால் அதோடு நின்றுவிடும். நாமினி விவரத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இருவரைப் போடலாம். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அலைச்சல் வாரிசுகளுக்குத்தான்.

இனி ஏலம். வாரத்தில் மூன்று நாள் நினைவில் வைத்தால் போதும். மாநில அரசுப் பத்திரங்கள் செவ்வாய், டி-பில் என்கிற கருவூல உண்டியல்கள் (அரசின் ஓராண்டுக்கு உட்பட்ட குறுகிய காலக் கடன்) புதன், மத்திய அரசின் நீண்டகாலப் பத்திரங்கள் வெள்ளி. விடுமுறை வந்தால் நாள் நகரும். பத்திரம் பொதுவாக அடுத்த வேலைநாளில் கணக்கில் ஏறும். எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் முகமதிப்பில் (முதிர்வில் திரும்பக் கிடைக்கும் தொகை) 10,000 ரூபாய், அதற்கு மேல் பத்தாயிரத்தின் மடங்குகள்.

தனிநபர் விலை சொல்ல வேண்டாம், தொகை சொன்னால் போதும். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் போட்டி போட்டு விலை கேட்கும். அதில் வெற்றி பெற்றவர்களின் சராசரி விலை உங்களுக்கும் கிடைக்கும். மத்திய அரசுப் பத்திரத்தில் மொத்தத்தில் 5 சதவீதம், மாநிலப் பத்திரத்தில் 10 சதவீதம் இப்படிப் போட்டியில்லாமல் கேட்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோடிகளில் புரளும் பெரிய வங்கிக்கு என்ன விலையோ அதே விலை பத்தாயிரம் ரூபாய்க்காரருக்கும். இந்தச் சேவையின் ஆகப்பெரிய பலம் இதுதான். இடையில் யாரும் கால் சதவீதம் கிள்ளுவதில்லை.

திரையில் தெரியும் யீல்டு, அதாவது கட்டும் பணத்துக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் விகிதம், உத்தேசமானது என்பதை மறக்க வேண்டாம். ஏலம் முடிந்த பிறகுதான் உண்மையான விகிதம் தெரியும். நீண்டகாலப் பத்திரங்களுக்கு முதலில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து, மீதியைப் பிறகு திருப்பித் தருவார்கள். பணம் அதிகமாக வெட்டிவிட்டது என்று பதற வேண்டாம். யுபிஐ வழியாக 5 லட்சம் வரை போகும், அதற்கு மேல் நெட்பேங்கிங். சில வங்கிகள் யுபிஐ உச்சவரம்பைத் தம் பக்கத்தில் குறைத்து வைத்திருக்கலாம். ஏலத்துக்கு முந்தைய நாளே பணத்தைச் செலுத்திவிட்டால் கடைசி நேரப் பரபரப்பு இருக்காது.

புதிதாக வருபவர் டி-பில்லில் தொடங்குவது உத்தமம். 91, 182, 364 நாள் என்று மூன்று வகை. இதில் வட்டி என்று தனியாக ஒன்றும் வராது, குறைந்த விலைக்கு வாங்கி முகமதிப்பைப் பெறுவதுதான் லாபம். உதாரணத்துக்கு 364 நாள் உண்டியல் 6 சதவீத யீல்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறை, 1 கூட்டல் 0.06 பெருக்கல் 364 வகுத்தல் 365 என்ற எண்ணால் வகுத்தால் விலை 94.35 ரூபாய் சொச்சம். ஒரு லட்சம் முகமதிப்புக்கு 94,354 கட்டுகிறீர்கள், 364ஆம் நாள் ஒரு லட்சம் வங்கிக் கணக்கில் விழும். லாபம் 5,646. ‘6 சதவீதம் என்றார்கள், 6,000 வரவில்லையே’ என்பது அடிக்கடி கேட்கும் குறை. 6 சதவீதம் கட்டிய பணத்துக்கு, முகமதிப்புக்கு அல்ல. முதிர்ந்த பணத்தை மறுபடி போட ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைய வேண்டியிருந்த தொல்லையும் குறைந்துவிட்டது. டி-பில்லுக்குத் தானாக ஏலம் கேட்கும் வசதியை 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

நீண்டகாலப் பத்திரத்தில்தான் பலர் சூடு காண்பது. ‘7.10 ஜிஎஸ் 2034’ (ஜிஎஸ் என்பது மத்திய அரசுப் பத்திரம்) என்றால் ஆண்டுக்கு 7.10 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், 2034இல் அசல் திரும்பும். எஃப்டி போலவே தெரிகிறது, இல்லையா? ஆனால் பத்தாண்டு மிச்சமிருக்கும் 7.10 சதவீதப் பத்திரம் கையில் இருக்கும்போது சந்தை விகிதம் 8.10 ஆனால், புதுப் பத்திரமே கூடுதல் வட்டி தருவதால், உங்கள் நூறு ரூபாய்ப் பத்திரத்தின் விலை 93.23க்கு வந்துவிடும். முப்பதாண்டுப் பத்திரமாக இருந்தால் 88.79. ஐம்பது ஆண்டுப் பத்திரங்கள்கூட 2023 முதல் வருகின்றன. ஓய்வூதிய நிதிக்கும் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவை சரி. கொஞ்சம் வட்டி கூட என்பதற்காக 60 வயதுக்காரர் அதை எடுப்பது வீண் வேலை.

விகிதம் ஏன் ஏறுகிறது என்பதில்தான் வரியும் கடனும் சந்திக்கின்றன. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்தது. அடுத்த சந்தை நாளான திங்கட்கிழமை பத்தாண்டு யீல்டு துள்ளி ஏறியது. வரி குறைந்தால் அரசு கூடுதலாகக் கடன் வாங்க வேண்டியிருக்கும், பத்திரம் அதிகமாகச் சந்தைக்கு வரும் என்று வாங்குபவர்கள் கணக்குப் போட்டார்கள். ரிசர்வ் வங்கியே பணம் அச்சிட்டு ஏலத்தில் நேரடியாக வாங்கும் பழைய வழியும் நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி 2006 ஏப்ரல் முதல் அடைபட்டுவிட்டது. ஆகவே பத்திரம் வைத்திருப்பவர் பிப்ரவரி 1 பட்ஜெட்டில் வருமான வரி ஸ்லாபை மட்டும் பார்த்துவிட்டு டிவியை அணைக்கக் கூடாது. மொத்தக் கடன் எவ்வளவு என்ற எண்தான் அவருக்கு முக்கியம்.

மாநிலப் பத்திரங்களில் பொதுவாக மத்திய அரசுப் பத்திரத்தைவிட வட்டி சற்றுக் கூடுதல். தமிழ்நாடு இந்தச் சந்தையில் பெரிய கடன்காரர்களில் ஒன்று. 2025-26 மாநில பட்ஜெட்டில் சொந்த வரி வருவாய் சுமார் 2.21 லட்சம் கோடி, வாங்கத் திட்டமிட்ட கடன் சுமார் 1.62 லட்சம் கோடி. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தன் இஷ்டப்படி ஏற்றி இறக்க மிஞ்சியவை மது, பெட்ரோல் டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி போன்ற சிலவே. மிச்சத்துக்குக் கடன்தான். அதற்கும் அரசியல் சாசனத்தின் 293ஆவது பிரிவின்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். மத்திய அரசு இந்தப் பத்திரங்களுக்கு எழுத்தில் உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் ஏலத்தையும் வட்டிப் பட்டுவாடாவையும் ரிசர்வ் வங்கிதான் நிர்வகிக்கிறது. முதிர்வு வரை காத்திருக்கத் தயார் என்றால் பத்தாண்டு தமிழ்நாடு பத்திரம், அதே காலத்து மத்திய அரசுப் பத்திரத்தைவிட மேல் என்பதே இந்த மதிப்பாய்வின் கருத்து.

இப்போது பலவீனம். இரண்டாம் நிலைச் சந்தையில், அதாவது ஏலத்துக்குப் பிறகு பத்திரங்கள் கைமாறும் சந்தையில், விற்கப் போனால் சிறு தொகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். முதன்மை டீலர்கள் (அரசுப் பத்திரங்களை வாங்கி விற்க ரிசர்வ் வங்கி அங்கீகரித்த நிறுவனங்கள்) சில்லறை முதலீட்டாளர்களுக்கு விலை சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022லேயே திட்டம் வகுத்தது. ஆனாலும் அதிகம் புரளும் பத்தாண்டுப் பத்திரத்தைத் தாண்டினால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி கடுப்பேற்றும். பழைய மாநிலப் பத்திரத்துக்கு விலையே தெரியாமல் போகலாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது சேர்ந்த வட்டி. கடைசி வட்டி நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்து 7.10 பத்திரத்தைப் பத்தாயிரத்துக்கு வாங்கினால், விலையோடு 118 ரூபாய் 33 காசு விற்பவருக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வட்டி முழுதாக உங்களுக்கே வரும் என்பதால் நஷ்டமில்லை.

விற்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இதே தளத்தில் மிதக்கும் வட்டிச் சேமிப்புப் பத்திரமும் கிடைக்கிறது. 1,000 ரூபாயில் தொடங்கலாம், காலம் ஏழாண்டு. தேசிய சேமிப்புப் பத்திர வட்டியைவிட 0.35 கூடுதல். அது 7.7 ஆக இருக்கும்வரை இது 8.05. ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் விகிதம் மாறலாம், வட்டியும் அன்றுதான் வரும். சந்தை விலை என்ற கவலையே இல்லை, ஆனால் 60 வயதுக்குக் கீழே இருப்பவர் இடையில் எடுக்க முடியாது. தங்கப் பத்திரம் தேடி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு இல்லை. தங்கம் ஏறிய ஏற்றத்தில் அரசுக்கு அது மிகவும் விலையுயர்ந்த கடனாகிவிட்டது.

கடைசியாக, வருமான வரி. பத்திர வட்டி முழுக்க உங்கள் ஸ்லாபில் சேரும். 30 சதவீத ஸ்லாபும் 4 சதவீத செஸ்ஸும் கட்டுபவருக்கு 7.10 என்பது கையில் 4.88தான். கடன் கொடுத்தவரிடமிருந்து அரசு 2.2 சதவீதத்தை வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பட்ஜெட்டில் தெரியும் வட்டிச் செலவில் இந்தக் கழிவு தெரியாது. சாதாரண அரசுப் பத்திர வட்டியில் டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பதில்லை. மிதக்கும் வட்டிப் பத்திரத்தில் மட்டும் ஆண்டு வட்டி 10,000 தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். டிடிஎஸ் இல்லை என்பதால் வரி இல்லை என்று சிலர் நினைத்துக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆண்டு வரிப் பாக்கி 10,000 தாண்டினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்குள் முன்வரி கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஏப்ரலில் தளத்திலிருந்து ஆண்டு அறிக்கையை இறக்கி, வங்கி பாஸ்புக்கில் வந்த வட்டியோடு வரிவரியாக ஒப்பிட்டுவிட்டு ரிட்டர்ன் போடுங்கள்.