எக்ஸ்ரே அறைக்கு சிஆரா, டிஆரா?

பிலிம் கழுவும் டார்க் ரூமை மூடிவிட்டு டிஜிட்டலுக்கு, அதாவது சிஆருக்கோ (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி) டிஆருக்கோ (டிஜிட்டல் ரேடியோகிராஃபி), மாற நினைக்கும் சின்ன எக்ஸ்ரே சென்டர்கள் பெரும்பாலும் கொட்டேஷனில் இருக்கும் விலையை மட்டும்தான் ஒப்பிடுகின்றன. கொஞ்சம் பொறுங்கள்.

1980களில் ஃபூஜி கொண்டுவந்த சிஆரில் கேசட்டுக்குள் பிலிமுக்குப் பதில் பாஸ்பர் பிளேட் இருக்கும், எடுத்து ரீடரில் செருகினால் லேசர் படித்துத் தரும், ஒரு பிளேட்டுக்குச் சுமார் ஒரு நிமிடம். டிஆரில் கேசட்டுக்குப் பதில் இருக்கும் எலக்ட்ரானிக் பேனலே சில நொடிகளில் படத்தைத் திரைக்கு அனுப்பிவிடுவதால், ஆள் அசைந்துவிட்டாரா, மூச்சைப் பிடித்தாரா என்பதை அவர் மேஜையை விட்டு இறங்குவதற்குள் பார்த்துவிடலாம். கூட்டம் உள்ள இடத்துக்கு இது ஒன்றே போதும். எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றும் சீசியம் அயோடைடு பூசிய பேனல் என்றால் டோஸையும், அதாவது நோயாளி வாங்கும் கதிர் அளவையும், குறைக்கலாம்.

ஆனால் பேனல் கை தவறிக் கீழே விழுந்தால் போச்சு! சிஆரில் அடுத்த கேசட்டை எடுத்துக்கொள்ளலாம், ஒரே பேனல் வைத்திருப்பவருக்கு அன்றைய வேலை அதோடு சரி. விழுந்து உடைந்தாலும் வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டிலும் இருக்கிற ஒரு வம்பை விற்பவர் சொல்லமாட்டார். பிலிமில் டோஸ் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் சாஃப்ட்வேர் சரிக்கட்டிவிடும், கூட்டினால் படம் இன்னும் சுத்தமாக வரும், குறைத்தால்தான் பொரிபொரியாகத் தெரிந்து டாக்டரிடம் திட்டு விழும், ஆக டெக்னீஷியன் தன்னையறியாமல் எம்ஏஎஸ்ஸை (மெஷினில் கதிர் அளவை வைக்கும் எண்) ஏற்றிக்கொண்டே போவார். திரை ஓரத்தில் பிளேட்டுக்கோ பேனலுக்கோ எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று ஓர் எண் வருமே, அதை யார் பார்க்கிறார்கள்?

அப்புறம் சேமிப்பு. 3000க்கு 3000 பிக்சல் மார்புப் படம், பிக்சலுக்கு 2 பைட் என்றால் 18 எம்பி. சர்வரைச் சொந்தமாக வைத்தாலும் கிளவுடில் வைத்தாலும் பூட்டி வைக்கவேண்டும்: 2019இல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் தேடியபோது, இந்தியா உட்படப் பல நாடுகளின் நோயாளிப் படங்கள் பாஸ்வேர்டுகூட இல்லாமல் இணையத்தில் கிடந்தன. “டைகாம் இருக்கு சார்” (மருத்துவப் படங்களைக் கருவிகள் பரிமாறிக்கொள்ளும் பொது முறை) என்றால் படத்தை அனுப்புவது, பிரின்ட், ஒர்க்லிஸ்ட் (நோயாளிப் பட்டியல் தானாக மெஷினுக்கு வருவது) எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள், தனித்தனி லைசென்ஸாக விற்பவர்கள் உண்டு.

பழைய மெஷினை மாற்றவேண்டாம் என்பதுதான் சிஆரின் பெரிய பலமாக இருந்தது. இப்போது கேசட் அளவிலேயே வயர்லெஸ் பேனல் கிடைக்கிறது, பழைய பக்கியிலேயே (மேஜையிலோ ஸ்டாண்டிலோ கேசட்டைச் செருகும் தட்டு) போட்டுக்கொள்ளலாம். அதனால் புதிதாக சிஆர் வாங்கச் சொல்லமாட்டேன். நாளுக்குப் பத்துப் படம் எடுக்கும் இடத்தில் ஏற்கனவே சிஆர் ஓடுகிறதென்றால், ரீடருக்கு ஸ்பேர் கிடைக்கும்வரை ஓட்டுங்கள்.