வரிய ஏத்துறதா, வீட்ட அளக்குறதா? வேலூர் கஜானா கணக்கு

ஏப்ரல் வந்தா எங்க தெருவுல ரெண்டு பேச்சுதான், ஒன்னு வெயிலு, இன்னொன்னு வீட்டு வரி. இந்த தடவ டீக்கடைல ஒரு அண்ணன் கேட்டாரு, "இன்னாப்பா இது, வரியும் ஏத்துறாங்க, ரோடு போடச் சொன்னா பணமும் இல்லன்றாங்க, அப்ப காசு எங்கதான் போவுது?" எனக்கும் அதே டவுட்டுதான். துண்டு விழுற ஊருக்கு முன்னாடி நாலஞ்சு வழி கெடக்கு, எது யாரு தலையில விழும், எதுல நெஜமா காசு வரும்னு பக்கத்து பக்கத்துல வச்சு பாக்கலாமேன்னு உக்காந்தேன்.

மொதல்ல வரவு கதை. 2008 ஆகஸ்ட் 1 நம்ம ஊரு மாநகராட்சி ஆச்சு, அப்புறம் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம்லாம் சேந்து 60 வார்டு, அதுக்கேத்த மாதிரி ரோடு லைட்டு தண்ணி குப்பை செலவும் பெருகிப்போச்சு. ஆனா 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தப்ப விளம்பர வரி உள்ளாட்சி கைய விட்டு போயிடுச்சு. தொழில் வரி ஒருத்தர்கிட்ட வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு 1988ல அரசியல் சட்டத்துல போட்ட வரம்பு இன்னும் அப்படியே நிக்குது, அன்னிக்கு ஒரு டாக்டர் சம்பளம் இன்னா இன்னிக்கு இன்னா, நீங்களே பாத்துக்கோங்க. ஊருக்கு நடுவுல அவ்ளோ பெரிய கோட்டை, அது மத்திய அரசு சொத்து, அரசியல் சட்டம் 285வது பிரிவுப்படி வரி கேக்க முடியாது, காட்பாடி ஜங்ஷனும் அதே கதைதான். கடைசில மிஞ்சுறது சொத்து வரி, தண்ணி பாதாள சாக்கடை கட்டணம், கடை வாடகை, அப்புறம் மாநில அரசு குடுக்குற பங்கு.

சரி, மொத வழி, ரேட்ட ஏத்துறது. 2018ல ஏத்துனாங்க, 2019 நவம்பர்ல உள்ளாட்சி தேர்தல் பேச்சு வந்ததும் நிறுத்தி வச்சாங்க, 2022 பிப்ரவரில நகர்ப்புற தேர்தல் முடிஞ்சுது, ஏப்ரல்ல திரும்ப ஏறுச்சு. சென்னைய தாண்டி இருக்குற ஊருங்கள்ல 600 சதுர அடி வரைக்கும் 25%, 1,200 வரைக்கும் 50%, 1,800 வரைக்கும் 75%, அதுக்கு மேல 100%. மத்திய அரசு காச பங்கு பிரிக்குற 15வது நிதிக்குழு மானியம் வேணும்னா வரிய திருத்தியே ஆகணும்னு ஒரு நிபந்தனை வேற இருந்துச்சு, அதனால முழுக்க இவங்க இஷ்டம்னும் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் 6% வேற. இந்த வழில ஆபீசுக்கு வேலையே இல்ல, கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டுனா எல்லார் பில்லும் ஏறிடும். ஆனா ஏறுறது ஏற்கனவே ரிஜிஸ்டர்ல இருக்குறவன் பில்லு மட்டும்தான், அங்கதான் எனக்கு ஒதைக்குது.

ரெண்டாவது வழி, ரேட்ட தொடாம வீட்ட அளக்குறது. இதுக்கு எங்க வீட்டையே உதாரணமா சொல்றேன், சொல்லவே கொஞ்சம் கூச்சமாதான் இருக்கு. எங்களுது கீழ 900 சதுர அடி, அரை வருஷத்துக்கு 612 ரூபா வந்துனு இருந்துச்சு. 11 வருஷம் முன்னாடி நைனா மேல 780 சதுர அடி கட்டி வாடகைக்கு விட்டாரு, வரி ரிஜிஸ்டர்ல இன்னிக்கு வரைக்கும் மாடியே கெடையாது, யாரும் வந்து கேக்கல, நாங்களும் போய் சொல்லல. 2022ல 50% ஏறி 918 ஆச்சு, அதுக்கே வீட்ல ஒரு வாரம் பொலம்பல். மாடியையும் சேத்து 1,680 அடிக்கு போட்டா 75% ஸ்லாப்ல தோராயமா 1,999 வரும். அதாவது ரேட்ட ஏத்துனதுல எங்ககிட்ட கூடுதலா கெடச்சது 306 ரூபா, டேப்ப எடுத்துனு வந்து அளந்திருந்தா அதுக்கு மேல இன்னும் 1,081 ரூபா.

எங்க வீடாச்சும் குடும்பம் நடத்துற வீடு. சிஎம்சி ஆஸ்பத்திரிய சுத்தி தோட்டப்பாளையம், பாபுராவ் தெரு, காந்தி ரோடு பக்கம் ஒரு ரவுண்டு நடந்து பாருங்க, வைத்தியத்துக்கு வர்ற பெங்கால், பங்களாதேஷ்காரங்களுக்காக வாசல்ல பெங்காலில போர்டு, ரூமுக்கு ஒரு கேஸ் அடுப்பு, நாள் வாடகை. இதுல ஒழுங்கா லாட்ஜுன்னு பதிஞ்சு வணிக ரேட்டு கட்டுறவங்களும் இருக்காங்க, வெளிய வீடு உள்ள லாட்ஜுன்னு ஓடுறதும் இருக்கு. 2022ல குடியிருப்புக்கு 25ல இருந்து 100 வரைக்கும் ஏறுனப்ப வணிக கட்டடத்துக்கு நேரா 100%, அப்ப எதுக்கு ஒருத்தன் தானா வந்து வணிகம்னு சொல்லுவான்? ஆனா ஒன்னு, 2024 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் பங்களாதேஷ் விசா இறுகுனதுல இந்த தெருவுங்கள்ல கூட்டம் கொறஞ்சுது, ரூம் காலியா கெடக்குறப்ப அளக்க போனா சண்டதான் வரும்.

மூணாவது, மாநகராட்சி கடைங்க. மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் கடைய மறு ஏலம் விடு, பார்க்கிங், டூவீலர் ஸ்டாண்ட் குத்தகைய ஏத்துன்னு சொல்லுவாங்க. எந்த ஊர்லயும் இதுல ஒரே வியாதி உள்வாடகை, ஏலம் எடுத்தவர் ஒருத்தர், கடைல உக்காந்துனு இருக்குறவர் இன்னொருத்தர், நடுவுல நிக்குற காசு கஜானாவுக்கு வராது. அத ஒடச்சா நல்ல வரவுதான். குத்தகைய மட்டும் ஏத்துனா ஸ்டாண்டுக்காரன் அத டோக்கன்ல ஏத்துவான், கடைசில காய்கறி வாங்க வந்த அக்கா தலையில விழும்.

நாலாவது கடன், பாண்டு, அதாவது பத்திரம் வித்து கடன் வாங்குறது, இதெல்லாம் பெரிய ஊரு விளையாட்டு. சென்னை மாநகராட்சி 2025ல 200 கோடிக்கு பாண்டு விட்டுச்சு, வாங்க ஆள் இருந்தாங்க. நம்மள மாதிரி ஊருக்கு கடன்ல பைப்பு பொதைக்கலாம், மாசா மாசம் கரண்ட் பில்லு கட்ட முடியாதே. ஸ்மார்ட் சிட்டிலயும் இதேதான், 2016ல நம்ம பேரு வந்துச்சு, மத்திய அரசு 500 கோடி, மாநிலம் 500 கோடின்னு திட்டம், 2025 மார்ச்சோட மிஷன் முடிஞ்சுது, கட்டுனத பராமரிக்குற செலவு யாருது? நம்மளுதுதான்.

அஞ்சாவது செலவ கொறைக்குறது. எழுதுறதுக்கு ஈசி. கொறைக்கணும்னா மொதல்ல கை வைக்குறது துப்புரவு ஆளுங்க மேலதான், ரெண்டு பேர் வர்ற தெருவுக்கு ஒருத்தங்க வருவாங்க, குப்பை கால்வாய்ல போய் நிக்கும், நிக்கல்சன் கால்வாய் ரொம்புனா கன்சால்பேட்டைக்காரங்க வீட்டுல முழங்கால் தண்ணி. அப்புறம் மோட்டாரு வச்சு எறைக்குற செலவையும் இதே கஜானாதான் குடுக்கணும், இத சிக்கனம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

என் ஓட்டு ரெண்டாவதுக்கு, கூட மூணாவதுல அந்த உள்வாடகை சமாச்சாரம். ஆனா அளக்குறதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, அளக்க வர்றவர் டேப்ப நீட்டுறதுக்குள்ள யாராச்சும் அவருக்கு கூல்டிரிங்க்ஸ் நீட்டிடுவாங்க, இத தெரியாதவங்க யாரும் இல்ல. அதனால அளந்த கணக்க வார்டு வாரியா, கதவு எண் போட்டு, எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டணும், அதுவும் நாள் வாடகை கட்டடத்துல இருந்து ஆரம்பிக்கணும், 600 அடி வீட்டுல இருந்து இல்ல.

இத்தன பேசுறேனேன்னு மறு அளவீட்டுக்கு ஒரு ஃபாரம் வாங்கினு வந்து நைனாகிட்ட குடுத்தேன். கண்ணாடிய போட்டு பொறுமையா படிச்சாரு. "எதிர் வீட்டுக்காரன் மூணு மாடி கட்டினு கீறான், அவன் அளக்கட்டும், அப்புறம் நான் அளக்குறேன்"னுட்டு, ஏப்ரல் 30க்குள்ள கட்டுனா 5% தள்ளுபடி வருமே, அத மறக்காத, அந்த பழைய பில்ல மொதல்ல போய் கட்டினு வான்னாரு. கட்டிட்டேன். ஃபாரம் டிவி மேலதான் இருக்கு.