சிறுதீவு மாற்றில் முதல் வாரம்: ஹெப்பாரினா, எடனர்செப்டா, ரெபாரிக்ஸினா?

சேற்று விதைப்பில் முளைநெல்லை வீசிய அன்றிரவே பெருமழை அடித்தால் விதை வாய்க்காலோடு போய்விடும். பூச்சி வரமுன்னமே பயிர் பாதி. முதலாம் வகை நீரிழிவுக்கான சிறுதீவு (சதையியில் இன்சுலின் சுரக்கும் கலத்திரள்) மாற்றிலும் இதுதான் நடக்கிறது. உடல் அந்நியக் கலங்களை இனங்கண்டு நிராகரிப்பது பின்னால் வரும் பூச்சி. நாம் இங்கே பார்ப்பது முதல் நாள் மழையை.

கொடையாளியின் சதையியைக் கொலாஜினேஸ் நொதியால் கரைத்துப் பிரித்த சிறுதீவுகளை ஈரல் வாயிநாளத்துக்குள் மெல்ல இறக்குவார்கள். கிலோவுக்குக் குறைந்தது 5,000 என்பது வழக்கமான இலக்கு. 60 கிலோ ஆளுக்கு மூன்று இலட்சம். இரத்தம் பட்ட நிமிடத்திலேயே அவற்றின் மேலுள்ள திசுக்காரணி உறைதலைத் தொடக்கிவிடும். குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டும், நடுநிலைநாடிகள் என்ற வெண்குருதிக் கலங்கள் உள்ளே புகும். 2000 இல் கனடாவின் எட்மன்டன் குழு ஏழு பேரை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்தபோது ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு கொடையாளிகள் தேவைப்பட்டதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைப் பற்றி அதிகம் வாதிட ஏதுமில்லை. கிலோவுக்கு 70 அலகு, சிறுதீவுப் பைக்குள்ளேயே கலந்து போகும். விட்டால் வாயிநாளத்தில் கட்டி உறையும். கூட்டினால் ஈரலில் ஊசி குத்திய வழியால் இரத்தம் கசியும். அதனால்தான் அந்த வழியை அடைத்துவிட்டு வெளியே வருகிறார்கள். இறக்கும்போது வாயிநாள அழுத்தம் 20 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஹெப்பாரின் மற்ற இரண்டுக்கும் மாற்று அல்ல, அடித்தளம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். எடனர்செப்ட் நம்மூர் மூட்டுவாத நோயாளர் சிலருக்குப் பழகிய ஊசி. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்து வைக்கும். மாற்றுக்கு முன் 50 மில்லிகிராம் நாளத்தினூடாக, பிறகு 3ஆம், 7ஆம், 10ஆம் நாட்களில் 25 மில்லிகிராம் தோலின் கீழ். மொத்தம் 125 மில்லிகிராம், அவ்வளவுதான். சில நிலையங்கள் இதோடு அனகின்ராவையும் 100 மில்லிகிராம் வீதம் தினமும் சுமார் ஒரு வாரம் சேர்க்கின்றன. அது இன்டர்லூக்கின்-1 என்ற இன்னோர் அழற்சிப் புரதத்தின் வாசலை மூடும்.

ரெபாரிக்ஸின் நடுநிலைநாடிகளை அழைக்கும் சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2 வாங்கிகளைத் தடுக்கிறது. கிலோவுக்கு மணிக்கு 2.772 மில்லிகிராம், ஏழு நாள் இடைவிடாத சேலைன் வழி. 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 28 கிராம் மருந்து! ஒரு வாரம் கம்பத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். வழி அடைபட்டால் மருந்தும் நின்றுபோகும்.

வசதியில் எடனர்செப்ட் வெல்கிறது. சான்றில் நிலைமை சிக்கலானது. 2005 இல் அமெரிக்காவின் மினசோட்டாக் குழு எடனர்செப்ட் கொடுத்த எட்டுப் பேரும் ஒரே கொடையாளியின் சிறுதீவுகளால் இன்சுலினை நிறுத்தினர். ஐவர் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தனர். அருமையான முடிவுதான். ஆனால் அதே சிகிச்சையில் நிராகரிப்பை நடத்தும் ரி-கலங்களுக்கு எதிரான மருந்தும் வேறு மாற்றங்களும் சேர்ந்திருந்தன. ஒப்பிட வெற்று மருந்துக் குழு கிடையாது. கறி ருசியாக வந்தது என்பதற்காகப் புகழ் முழுவதையும் உப்புக்குக் கொடுக்க முடியுமா? ரெபாரிக்ஸினுக்கோ இருபுறமும் மறைத்த, சீட்டுக் குலுக்கிப் பிரித்த மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. 2020 இல் வந்த முடிவு: சி-பெப்டைட் (உடல் தானே இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவரும் துண்டு) கூடவில்லை.

ஆக, நன்றாகச் சோதிக்கப்பட்டது தோற்றது; முழுதாகச் சோதிக்கப்படாதது புழக்கத்தில் நிற்கிறது. தேர்வு எங்களுடையதென்றால் ஹெப்பாரினோடு எடனர்செப்டையே வைப்போம், நிரூபணமானது என்று சொல்லாமல். ரெபாரிக்ஸின் தோற்றது வியப்புமில்லை: நடுநிலைநாடி கடைசியில் வருகிற ஆள், அதற்குள் உறைதல் தொடங்கிவிடுகிறது.

முடிவுகளைப் படிக்கும்போது இன்சுலின் அலகு குறைந்ததை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. புதுச் சிறுதீவுகள் வேரூன்றும் வாரங்களில் அவற்றுக்கு ஓய்வு தர இன்சுலினைத் தொடர்ந்தே கொடுப்பார்கள். கலப்பு உணவு கொடுத்துச் சி-பெப்டைட் அளப்பதே சரி. ஊசியால் ஏற்றும் இன்சுலினில் அது இராது.

மட்டக்களப்பு, அம்பாறை நோயாளியென்றால் இன்னுமொரு கணக்கு உண்டு. மாரிகாலத்தில் வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் இங்கே புதிதல்ல. அதற்குப் பெரிய ஆபத்துக் காரணியே நீரிழிவு. தொற்றை எதிர்க்கும் வலுவைக் குறைக்கக்கூடிய எடனர்செப்டுக்கு முன் காசநோய், ஹெப்படைட்டிஸ் பி இரண்டையும் பரிசோதிப்பது எங்கும் விதி. இங்கே வயலில் இறங்குகிறவரா என்றும் கேட்க வேண்டும். பத்து நாள் ஊசி போனாலும் நிராகரிப்பைத் தடுக்க நோயெதிர்ப்பை அடக்கும் டக்ரோலிமஸ் போகாது. சிறுதீவுகள் வேலை செய்யும் வரை தினமும் அது வேண்டும், அவர் சேற்றில் இறங்கும் நாட்களிலும்.